காலி செய்யச் சொன்ன வீட்டிலிருந்து, என் சம்பந்திக்கு

வாய் ஓயாத என் அருமைச் சம்பந்தி லூர்துசாமிக்கு,

நாளைக் காலை கோயிலில் உங்களுக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. உங்கள் மகள் சகாயம் பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்துவிட்டாள். பூசையில் உங்கள் பெயரை வாசிப்பார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு வருஷத்தில் இங்கே என்ன நடந்தது என்று அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நம்மைப் போல வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் நெய்வேலியைச் சுற்றி எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா?

முதலில் முக்கியமான சேதி. நாங்கள் இன்னும் காலி செய்யவில்லை. நாலு வீட்டு வரிசையில் முதல் வீட்டில் கஸ்தூரியும் அவள் புருஷனும் இருக்கிறார்கள். இரண்டாம் வீட்டில் டிரைவர் பாஸ்கர் குடும்பம் இருக்கிறது. மூன்றில் நான், என் மகன் செந்தில், உங்கள் மகள், நம் பேத்தி அமலி. நான்காம் வீட்டில் சம்பந்தியம்மா தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அவுரு இருக்காருங்க" என்கிறார்.

சண்டையிலிருந்து தொடங்கினால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும். காதல் கல்யாணம் செய்துகொண்டு உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமான பெண் ஒரே ஒரு வாசல் தள்ளிப் போன அதிசயம் அது. நீங்கள் மாதா கோயிலில் கல்யாணம் என்றீர்கள், நான் முருகன் சந்நிதியில் என்றேன். கடைசியில் அவர்கள் ரெஜிஸ்டர் ஆபீசில் முடித்துவிட்டு வந்து நம் இருவரையும் முட்டாளாக்கினார்கள். அன்றிலிருந்து நமக்கு நடுவில் ஒரு செங்கல் சுவர் மட்டும்தான். அந்தச் சுவர்தான் ஈரமாகத் தொடங்கியது.

பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு வீட்டுக்காரர் தணிகாசலம் பின்பக்க மனையை மேடாக்கினார். அங்கே லாரி நிறுத்த ஷெட் போடப் போவதாகச் சொன்னார். லோடு லோடாகச் செம்மண் வந்து இறங்கியது. வீட்டுத் தரையை விட உயரமாக, பின்சுவரோடு ஒட்டிக் கொட்டினார்கள். நாம் அப்போது அதைக் கவனிக்கவே இல்லை. சுவரில் ஓதம் ஏறியபோது நீங்கள் என் பக்கம் கையைக் காட்டினீர்கள், நான் உங்கள் பக்கம் காட்டினேன்.

தணிகாசலம் என்னிடம் தனியாக வந்து, "ஒங்க சம்மந்தி கேன்டீன்ல சமைக்கிற ஆளு பாருங்க, வூட்லயும் அண்டா அண்டாவா கழுவிக்கினு கெடக்கிறாரு. தண்ணி எங்க போவும்?" என்றார். உங்களிடம் போய், "கலியபெருமாள் சொவுத்தோரமா நின்னு குளிக்கிறாருங்க" என்று சொன்னாராம். நாம் இருவரும் நம்பினோம். எத்தனை நாள் பேசாமல் இருந்தோம்! சகாயம் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று, "அப்பா கேக்குறாரு, மாமா தண்ணிய எங்க ஊத்துறாருன்னு", "மாமா சொல்றாரு, அப்பா முதல்ல அண்டாவ விக்கட்டும்னு" என்று தூது போனாள். அந்த அண்டா விஷயத்தில் நான் சொன்னதை இப்போதும் திரும்பப் பெறவில்லை. ஒரு வீட்டுக்கு எதற்கு அத்தனை பெரிய அண்டா?

ஒருநாள் அவள் பொறுமை போய்விட்டது. "ரெண்டு கெழவனுங்களும் வெளிய வாங்க" என்றாள். மாமனாரையும் அப்பாவையும் அப்படிக் கூப்பிட்டதற்குக் கோபப்படக்கூட நேரம் தராமல் நம்மைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள். மழை பெய்து நாளாகியும் மேட்டின் அடியில் மண் சொதசொதவென்று இருந்தது. "இது யாரு குளிச்ச தண்ணிங்க?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். மறுபடி பேச ஆரம்பித்தோம். பேச ஆரம்பித்தோம் என்று எதற்கு எழுதுகிறேன்? நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டேன்.

அதற்குள் சுவரில் கரும்பூசணம் பூத்துவிட்டது. துடைத்தால் போகும், இரண்டு நாளில் திரும்பி வரும். அரிசி மூட்டைக்கு அடியில், பாய்க்குப் பின்னால், அமலியின் பள்ளிக்கூடப் பையில் கூட அந்த வாடை. அமலிக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல சுவரு ஈரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அன்று நீங்கள் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. நீங்கள் பேசாமல் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து எல்லோரும் நிற்கும் நேரம் பார்த்து, டீக்கடை வாசலில் தணிகாசலத்தை மடக்கினீர்கள். அங்கே நின்றவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். "அடுப்ப மூட்டிக்கினு ஜன்னல சாத்தி வெச்சா சொவுரு வேர்க்கத்தான் செய்யும்" என்றார் அவர். "நான் முப்பது வருஷம் சொரங்கத்துல பர்மனென்ட்டா வேலை பாத்து குவார்ட்டர்ஸ்ல இருந்தவன். சொவுத்த பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? புடிக்கலன்னா காலி பண்ணிக்கினு போ."

நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "குவார்ட்டர்ஸ்ல ஒழுகினா நீங்க என்னா பண்ணுவீங்க?"

"கம்ப்ளைன்ட் குடுப்போம். ஆளு வந்து பாத்துட்டு சரி பண்ணுவான்."

"கம்ப்ளைன்ட் குடுத்தீங்கன்னு எப்பவாச்சும் ஒங்கள காலி பண்ணச் சொன்னாங்களா?"

"அதெப்படிச் சொல்லுவான்?"

"அதாங்க நானும் கேக்குறேன். அதெப்படிச் சொல்லுவீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. நியாயத்தைக் கேட்டதற்காக அவருக்கு நம் மேல் கோபம் இல்லை. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டதற்காகத்தான் கோபம்.

அந்தப் புரட்டாசியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்கு நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் எழுதினார். சுவரைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. நானும் அவர் எழுதாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி மழைக்காலம் முழுக்க அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தானே உங்கள் கட்டில் இருந்தது?

முப்பதாம் நாள் செபத்துக்குத் தணிகாசலம் வந்தார். கையில் மாலை. உங்கள் படத்துக்குப் போட்டார், சம்பந்தியம்மாவிடம் துக்கம் விசாரித்தார், கொடுத்த காபியையும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க மச்சான் மவன் குடித்தனம் வர்றான். ஒங்க வூடும் பக்கத்து வூடும் வேணும். மத்த ரெண்டையும் இடிச்சுக் கட்டப் போறேன். தை பொறக்கறதுக்குள்ள பாத்துக்கோங்க" என்றார். துக்க வீட்டில், செபத்துக்கு வந்தவர்கள் இன்னும் எழுந்திருக்காதபோது சொன்னார். கஸ்தூரி மட்டும், "காபிய குடிச்சிட்டுத்தான் சொல்லணும்னு இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் அடுத்த திங்கட்கிழமையே கடலூருக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். நான்தான் எழுதினேன். "பெல்ட்டுக்கு அடியில கரி வாரினவன் மனு எழுதறான்" என்று தணிகாசலம் ஊரெல்லாம் சொன்னார். ஆமாம், சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தினதை வாரினேன். சுரங்க வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கப் பழகினேன். அபாயம் என்ற சொல்லைத்தான் முதலில் பிழையில்லாமல் எழுதக் கற்றேன். மனுவில் அது பயன்பட்டது.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. இனிமேல் நடந்ததைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பீர்கள், எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஆய்வாளர் வருவதற்கு முதல்நாள் நான் ஒரு வேலையாகக் குள்ளஞ்சாவடிக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பினால் நாலு வீட்டு வாசலிலும் வாளி, மட்டை, சுண்ணாம்பு வாடை. உள்ளே போனேன். சுவரெல்லாம் வெள்ளை. நீலம் கலந்து, பளிச்சென்று, பொங்கலுக்கு அடித்த மாதிரி.

"என்னாம்மா பண்ணிட்டீங்க?" என்று கத்தினேன்.

"ஆபீசரு வர்றாங்கன்னாங்களே மாமா" என்றாள் சகாயம். முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. "அந்த அசிங்கத்தோடயா வூட்ட காட்டறது?"

"அந்த அசிங்கத்தக் காட்டத்தான்டி வரச் சொன்னது!"

கஸ்தூரி உடனே என் மேல் பாய்ந்தாள். "வேத்து மனுஷங்க வர்றப்ப வூடு கரியா கெடந்தா யார சொல்லுவாங்க? ஒங்களயா சொல்லுவாங்க? வூட்ல இருக்கிற பொம்பளங்களத்தான் சொல்லுவாங்க. இவளுங்களுக்குத் தொடைக்கக்கூட வக்கில்லன்னு." அவள் சொன்னது பொய்யில்லையே? விருந்தாளிக்கு முன்னால் வீட்டைச் சுத்தமாக்குவது தவிர வேறு எதையும் இந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆய்வாளர் காலையிலேயே வந்தார். இளவயதுப் பெண், ஸ்கூட்டியில் வந்தார். தணிகாசலம் அவருக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ஒவ்வொரு வீடாகப் போனார்கள். வாசலில் கோலம், உள்ளே வெள்ளைச் சுவர். "பாத்துக்கோங்க மேடம், எப்படி வெச்சிருக்கேன்னு. இதுக்குத்தான் இவங்க கலெக்டர் வரைக்கும் போறாங்க" என்றார் அவர். முதல் வீட்டில் ஆய்வாளர், "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்க, கஸ்தூரி பெருமையாக, "நாங்க சுத்தமாத்தான் மேடம் வெச்சிருப்போம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடியில ஓதம், பின்னால மேடு" என்று கத்திக்கொண்டே நான் அவர்கள் பின்னால் போனேன். கத்துகிற கிழவனை யார் கேட்பார்கள்? ஆய்வாளர் பேனாவை மூடத் தொடங்கினார். எங்கள் நாலு வீடும் அந்தப் பேனாவோடு மூடப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியாக உங்கள் வீடு. சம்பந்தியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆய்வாளர் உட்காரவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து ஒரு நொடி கைகூப்பினார். மாலை போட்டு, அடியில் மெழுகுவர்த்தி எரிய, கட்டில் இருந்த இடத்துக்கு மேலே நீங்கள் இருந்தீர்கள். சுண்ணாம்பு அடித்தவர்கள் படத்தைச் சுற்றி மட்டும் அடித்திருந்தார்கள். இறந்தவர் படத்தை வருஷம் திரும்புவதற்குள் கழற்றக்கூடாது என்பது சம்பந்தியம்மாவின் கட்டளை. சகாயம் கெஞ்சியும் விடவில்லையாம்.

இத்தனை வருஷத்தில் வேற்று ஆண்கள் முன்னால் சம்பந்தியம்மா இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவர் தணிகாசலத்தைப் பார்த்தார், ஆய்வாளர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டு, "கோச்சுக்காதீங்க" என்று உங்களிடம் சொன்னார். இரண்டு கையாலும் படத்தை ஆணியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

உங்கள் படம் இருந்த இடத்தில், படத்தின் அளவுக்கே, கரிய சதுரம். மொசுமொசுவென்று பூசணம், ஓரத்தில் நீர் கோத்துப் பளபளப்பாக இருந்தது. படத்தின் பின்பக்க அட்டை ஊறிப் பிரிந்து தொங்கியது.

"இதாங்க எங்க வூடு" என்றார் சம்பந்தியம்மா. "மத்ததெல்லாம் நேத்து அடிச்ச சுண்ணாம்பு."

ஆய்வாளர் கிட்டே போனார். விரல் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வெள்ளையாக இருந்த இடத்திலும் விரலால் அழுத்தினார். காயாத சுண்ணாம்பு வழுக்கிக்கொண்டு வந்தது, அடியில் கருப்பு. "பின்பக்கம் போற வழி எது?" என்று கேட்டார். தணிகாசலம், "அங்க ஒண்ணும் இல்லிங்க மேடம், வெறும் மண்ணு" என்றார். "மண்ணதான் பாக்கணும்" என்றார் அந்தப் பெண்.

உங்கள் படத்தைக் கழற்றியதற்காகச் சம்பந்தியம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டீர்களா? கோபித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நீங்களே எழுந்து நகர்ந்து வழிவிட்டிருப்பீர்கள், அரை மணி நேரம் பேசிவிட்டு.

மேட்டை அகற்ற வேண்டும், சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று அறிக்கை போனது. மேடு போகவில்லை. தணிகாசலம் தண்ணீர் மோட்டாரைத்தான் நிறுத்தினார். பெண்கள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்தார்கள். கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி தருகிற வக்கீலம்மாவிடம் போனோம். "கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் உங்க சாமானத் தொட முடியாது. வாடகைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். நிறுத்தவில்லை. தணிகாசலம் வாங்க மறுத்தார், மணியார்டரில் அனுப்பினோம். வக்கீலம்மா வழக்கும் போட்டார்.

போன வாரம் தணிகாசலம் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "பெரியவரே, நீங்க இருங்க. கஸ்தூரியும் பாஸ்கரும்கூட இருக்கட்டும். சொவுத்த பூசித் தர்றேன், மோட்டாரையும் போட்டுடறேன். மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க. அந்தக் கடைசி வூட்ட மட்டும் காலி பண்ணிக் குடுத்துடுங்க. அந்தம்மா ஒருத்திதான, ஒங்க வூட்லயே வந்து இருந்துக்கட்டும்."

"ஏன் அந்த வூடு?"

"என்ன ஆபீசர் முன்னால தலைகுனிய வெச்சாங்கல்ல? அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

உள்ளே அமலி இருமிக்கொண்டிருந்தாள். மூன்று வீட்டுச் சுவர் பூசப்படும் என்ற சொல் இனிப்பாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். நான் யோசித்தேன் என்று தணிகாசலம் நினைத்தார். நான் யோசிக்கவில்லை. நீங்கள் சொல்லக்கூடிய பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு உங்கள் நாக்கு இல்லையே? அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எழுந்து போங்க."

அவர் போனதும் நாலு வீட்டையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். சம்பந்தியம்மா, "நான் ஒங்க வூட்டுக்கு வந்துட்டா புள்ளைக்கு நல்லதுன்னா..." என்று ஆரம்பித்தார். கஸ்தூரி அவரை முடிக்க விடவில்லை. "நீங்க படத்த எடுத்ததுக்கு நாங்க வூட்ட எடுத்துக்கறதா? வேலயப் பாருங்க ஆயா" என்றாள்.

பாஸ்கர்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஐப்பசி மழை தொடங்க இன்னும் அதிக நாள் இல்லை. வழக்கு முடிய எத்தனை மழை ஆகுமோ? "மண்ணுதான அண்ணே? நாம அள்ளாத மண்ணா?" என்றார். யோசித்துப் பாருங்கள் சம்பந்தி. பூமியின் வயிற்றிலிருந்து மண்ணை அள்ளி மலைமலையாகக் குவித்து வைத்த ஊர் இது. இந்த ஊரில் வேலை பார்த்த நாம், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மேட்டைப் பார்த்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தோமே!

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செந்திலும் பாஸ்கரும் கஸ்தூரியின் புருஷனும் கடப்பாரை, மண்வெட்டியோடு இறங்கினார்கள். பெண்கள் இரும்புச் சட்டியில் வாங்கி வாங்கி மனையின் மறுகோடியில் கொட்டினார்கள். நான் நின்று கத்தினேன், என்னால் ஆனது அது. மத்தியானத்துக்குள் பின்சுவரின் பாதி வெளியே தெரிந்தது. அடிவரை கருத்து, தோலுரித்த மாதிரி இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்தது. அந்தச் சுவர் வெயிலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

தணிகாசலம் ஏட்டை அழைத்துக்கொண்டு வந்தார். "பட்டப்பகல்ல என் மண்ணத் திருடறாங்க சார்."

"திருட்டு இல்லிங்க" என்றேன். "மண்ணு அவுருது, இல்லன்னு சொல்லல. சொவுத்துல இருந்து தள்ளி வைக்கிறோம். அங்க பாருங்க, அவுரு எல்லைக்குள்ளதான் கெடக்குது. ஒரு சட்டி வெளிய போவல."

"சந்தேகம்னா அளந்து பாத்துக்கச் சொல்லுங்க சார்" என்றாள் கஸ்தூரி, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஏட்டு சுவரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். சிரிப்பை அடக்கினாரா, வாடைக்குச் சுளித்தாரா தெரியவில்லை. "எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் செவ்வாக்கெழம ஸ்டேஷனுக்கு வாங்க. பெரியவரே, காலையிலயே வந்துடணும்."

"செவ்வாக்கெழம எங்க சம்மந்திக்குப் பூசைங்க. அன்னிக்கி முடியாது. புதன்கெழம வர்றேன்."

"போலீஸ் கூப்பிட்டா நாள் சொல்லுவியா நீ?"

"செத்துப்போனவர நாள் மாத்தச் சொல்ல முடியாதுங்களே சார்."

ஏட்டு வண்டியை எடுத்தார். புதன் என்றே ஆயிற்று.

ஆகவே சம்பந்தி, நாளை பூசையில் நாலு வீட்டாரும் இருப்போம். நான் உங்கள் கோயிலுக்குள் வந்து முட்டி போட மாட்டேன் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நாளையும் போட மாட்டேன், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்பேன். பூசை முடிந்து வந்து மீதி மேட்டை அள்ளுவோம். புதன்கிழமை ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போகப் போவதில்லை. எல்லோரும் வருகிறோம், சம்பந்தியம்மாவும் வருகிறார். கட்டிக்கொள்ளும் சேலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

கோர்ட்டில் ஜெயிப்போமா, எனக்குத் தெரியாது. அமலிக்கு இந்த மழையில் இழுப்பு வராமல் இருக்குமா, அதுவும் தெரியாது. ஒன்று மட்டும் உங்களுக்கு எழுதித் தருகிறேன். ஒரு வீட்டைக் கொடுத்து மூன்று வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டோம். சுவர் ஈரம் என்று சொன்னதற்காக உங்கள் வீட்டுக்காரியை யாரும் தெருவில் நிறுத்த முடியாது. நான் இருக்கும்வரை முடியாது. நான் போன பிறகு செந்திலும் சகாயமும் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மகள் வாய் அப்படியே உங்கள் வாய்.

இப்படிக்கு,
உங்கள் அமலியின் இன்னொரு தாத்தா,
காலி செய்யாத மூன்றாம் வீட்டிலிருந்து,
சம்பந்தி கலியபெருமாள்